துறைமுகத்தில் ஒரு படம், துறைமுகத்தில் ஒரு குடும்பம்: நவோட்டாஸ் நிகழ்வு ஆய்வு

மணிலா பெருநகரின் வடக்கு ஓரத்தில் நவோட்டாஸ் மீன்பிடித் துறைமுகம் இருக்கிறது. அதை ஒட்டிய ஒரு குடியிருப்பில் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறு சுயாதீனப் படம் எடுக்கப்பட்டது. அந்தப் படத்தின் தரத்தை இங்கே எடைபோடவில்லை. கடனில் மூழ்கிய ஒரு குடும்பம் முன்னேறத் துடிப்பதைப் படமாக்கப் போன குழு, அதே துடிப்போடு வாழ்ந்துகொண்டிருந்த ஓர் உண்மைக் குடும்பத்திடம் எப்படி நடந்துகொண்டது, பணம் குறித்தும் வேலை நேரம் குறித்தும் என்ன முடிவெடுத்தது, பின்னர் என்ன நடந்தது என்பதே இந்தப் பதிவு. தயாரிப்பு மேலாளர், இயக்குநர், நடித்த சிறுமியின் தாய், பள்ளி ஆசிரியை ஆகியோர் சொன்னவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டு எழுதியிருக்கிறேன். யாரும் அடையாளம் தெரிந்துவிடக் கூடாது என்பதால் சில விவரங்கள் மாற்றப்பட்டிருக்கின்றன.

பின்னணி

பிலிப்பைன்ஸில் சுயாதீனப் படம் எடுப்பவர்களுக்கு விழா மானியம்தான் முதல் படி. 2005இல் தொடங்கிய சினிமாலயா திரைப்பட விழா, தேர்வான ஒவ்வொரு முழுநீளக் கதைக்கும் முதலில் 5 லட்சம் பெசோ கொடுத்தது. அதுபோன்ற ஒரு விழாவில்தான் இந்தக் கதையும் தேர்வானது. மானியம் மட்டும் ஒரு படத்தை முடிக்கப் போதாது. மீதியை இயக்குநர் தேடிக்கொள்ள வேண்டும். இந்த இயக்குநருக்கு அந்த மீதியைக் கடனாகக் கொடுத்தவர், வெளிநாட்டில் செவிலியராக வேலை செய்யும் அவருடைய அக்கா. வெளிநாட்டில் உழைக்கும் பிலிப்பைன்ஸ் மக்கள் 2023இல் வங்கிகள் வழியாக மட்டும் வீட்டுக்கு அனுப்பிய தொகை ஏறத்தாழ 3,350 கோடி டாலர். வீட்டு வாடகையும் பள்ளிக் கட்டணமும் அதிலிருந்து போகின்றன. ஒரு சினிமாவும் அதிலிருந்து வந்ததில் வியப்பில்லை.

குடிசைப் பகுதியைப் படமெடுப்பது அந்நாட்டில் பழைய வழக்கம், பழைய சண்டையும்கூட. இயக்குநர் லினோ ப்ரோக்கா மணிலாவின் குடிசைப் பகுதியான டோண்டோவில் எடுத்த 'இன்சியாங்' 1978இல் பிரான்ஸின் கான் திரைப்பட விழாவுக்குப் போனது. அங்கே திரையிடப்பட்ட முதல் பிலிப்பைன்ஸ் படம் அதுதான். அப்போதிருந்தே 'வறுமையை வெளிநாட்டுக்கு விற்கிறார்கள்' என்ற குற்றச்சாட்டும் கூடவே வருகிறது. விழாப் பரிசுக்காக ஏழ்மையைத் தேடி அலையும் இளம் இயக்குநர்களை அந்நாட்டுச் சினிமாவே 2011இல் கிண்டலடித்துப் படமெடுத்தது. நம் இயக்குநருக்கு இதெல்லாம் தெரியும். அதனால்தான் ஸ்டுடியோவில் குடிசை போடாமல் உண்மையான வீட்டில் படமெடுத்து, அந்த வீட்டுக்குப் பணமும் கொடுக்க வேண்டும் என்று தொடக்கத்திலேயே தீர்மானித்தார். நல்ல எண்ணம்தான். ஆனால் எவ்வளவு, யாரிடம், எப்போது என்று எதையும் எழுதிவைக்கவில்லை.

கதை இது: துறைமுகத்தில் மீன் தரம் பிரிக்கும் ஒரு பெண் கடனில் சிக்கியிருக்கிறாள். அவளுடைய மகளுக்கு நல்ல குரல். ஊர்ப் பாட்டுப் போட்டிகளில் மகள் ஜெயித்துத் தொலைக்காட்சிக்குப் போய்விட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று குடும்பமே அவள்மேல் பந்தயம் கட்டுகிறது.

தேர்வு

மகள் வேடத்துக்கு நடிகை கிடைக்கவில்லை. வந்த பிள்ளைகள் தொலைக்காட்சியில் பழகியவர்கள். வசனத்தை அழகாகச் சொன்னார்கள், ஆனால் மீன் கூடையைத் தூக்கத் தெரியவில்லை. கடைசியில், படப்பிடிப்புக்கு வீடு கேட்டுப் போன இடத்திலேயே அந்த வீட்டின் மூத்த மகளைப் பார்த்தார்கள். பன்னிரண்டு வயது. மூங்கில் கால்களின் மேல் நிற்கும் வீடு. பெரிய ஓதம் வரும் நாட்களில் தரைப்பலகை வரை தண்ணீர் ஏறும். அப்பா துறைமுகத்தில் மீன் தொட்டி இழுக்கும் கூலி. 'பத்தில்யோ' என்று அங்கே சொல்கிறார்கள். இழுக்கும் தொட்டிக்கு ஏற்பத்தான் காசு. இடுப்பு வலி வந்த நாளில் காசில்லை. அம்மா மீன் தரம் பிரிப்பதும் கருவாடு காயவைப்பதுமாக இருந்தார்.

வீடும் பிள்ளையும் ஒரே குடும்பத்திலிருந்து வந்தது தயாரிப்புக்கு மிக வசதி. பின்னால் வந்த சிக்கல்களில் பாதி இங்கேதான் தொடங்கின. நடிகை, படப்பிடிப்பு வீடு, கதைக்கான முன்மாதிரி என மூன்றுக்கும் ஒரே குடும்பத்தை நம்பியதால், ஓரிடத்தில் மனத்தாங்கல் வந்தால் மூன்றுமே நின்றுபோகும் நிலை ஏற்பட்டது.

அனுமதியும் இரவுக் காட்சியும்

2003ஆம் ஆண்டின் குடியரசுச் சட்டம் 9231, பதினைந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் கேளிக்கைத் துறையில் வேலை செய்வதற்கு வரம்பு வைத்திருக்கிறது. தொழிலாளர் துறையின் அனுமதி வேண்டும். பெற்றோர் கையெழுத்திட்ட ஒப்பந்தம் வேண்டும். இயன்றவரை பிள்ளையின் வெளிப்படையான சம்மதமும் வேண்டும். நாளொன்றுக்கு 4 மணி நேரம், வாரத்துக்கு 20 மணி நேரம், அதற்கு மேல் கூடாது. இரவு 8 முதல் காலை 6 வரை வேலையே கூடாது.

கதையின் உச்சக்காட்சியோ இரவில் நடக்கிறது. நவோட்டாஸ் இருட்டிய பிறகே விழித்துக்கொள்ளும் துறைமுகம். இரவோடு இரவாகப் படகுகள் வந்து சேர, தரகரின் காதில் வியாபாரிகள் ரகசியமாக விலை சொல்லும் ஏலம் விடியும் வரை நடக்கும். அந்தக் கூட்டத்துக்குள் மகள் தாயைத் தேடி நுழைவதாகத் திரைக்கதை சொன்னது. ஒளிப்பதிவாளர் அந்தக் குழல்விளக்கு வெளிச்சத்தை எண்ணியே படத்தை ஒப்புக்கொண்டிருந்தார்.

'ஒரே ஒரு இரவு, யார் பார்க்கப் போகிறார்கள்' என்ற குரல் குழுவுக்குள் எழுந்தது. சிறுமியின் அப்பாவும் அதையே சொன்னார். அந்த ஊர்ப் பிள்ளைகள் இரவில் துறைமுகத்தில் இருப்பது புதிதல்ல என்றார். அது உண்மைதான். தயாரிப்பு மேலாளர் மறுத்தார். வறுமையால் இரவில் வேலை செய்யும் ஒரு பிள்ளையைப் பற்றிப் படமெடுக்க, ஒரு பிள்ளையை இரவில் வேலை வாங்குவதை அவரால் ஏற்க முடியவில்லை. இதைவிட நடைமுறையான காரணம் ஒன்றும் இருந்தது: புகார் வந்தால் அனுமதி ரத்தாகும், விழாத் தேதி தவறும்.

இரவு ஏலத்தைச் சிறுமி இல்லாமலே ஆவணப்படம்போல எடுத்தார்கள். சிறுமி வரும் பகுதியைக் காலை ஆறு மணிக்குத் தொடங்கினார்கள். ஜனவரி மாதம் என்பதால் மணிலாவில் சூரியன் எழ ஆறேகால் தாண்டிவிடும். அந்தக் கால் மணி நேரத்து நீல வெளிச்சத்தை நம்பி, அடுத்தடுத்த காலைகளில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துச் சேர்த்தார்கள். ஏலம் முடிந்து கழுவிவிட்ட தரையில் மகள் வந்து நிற்பதாகக் காட்சி மாறியது. முதலில் எழுதியதே நன்றாக இருந்தது என்று இயக்குநர் இன்றும் சொல்கிறார். இருக்கலாம்.

இந்த ஏற்பாட்டுக்கு வேறிடத்தில் விலை கொடுக்க வேண்டியிருந்தது. சிறுமியின் நான்கு மணி நேரத்தைக் காப்பாற்றப் பெரியவர்களின் நாள் நீண்டது. இரவெல்லாம் ஏலத்தைப் படமெடுத்த அதே ஆட்கள் காலையில் சிறுமியின் காட்சிக்கும் நின்றார்கள். விளக்கு உதவியாளர் ஒருவர் நின்றபடியே தூங்கிச் சாய்ந்தார். நல்ல வேளையாக அடிபடவில்லை.

முன்பணக் கேள்வி

படப்பிடிப்பு தொடங்குவதற்குச் சற்று முன்பு தாய் தயாரிப்பு மேலாளரைத் தனியே அழைத்தார். வளைகுடா நாடொன்றில் வீட்டு வேலைக்குப் போக ஏற்பாடு நடக்கிறது, ஏஜெண்டுக்குப் பணம் கட்ட வேண்டும், மகளின் சம்பளம் முழுவதையும் முன்பணமாகத் தர முடியுமா என்று கேட்டார். "பிள்ளையின் பணம் பிள்ளைக்குத்தானே போகிறது, அக்கா? நான் போய்விட்டால் மாதாமாதம் அனுப்புவேனே" என்றார்.

கோரிக்கையில் நியாயம் இல்லாமல் இல்லை. அவர்களுக்கு ஏற்கெனவே ஃபைவ்-சிக்ஸ் கடன் இருந்தது. ஐந்து வாங்கினால் ஆறாகக் கட்ட வேண்டிய தண்டல் அது. வசூலிப்பவர் மோட்டார் சைக்கிளில் வாசலுக்கே வந்துவிடுவார். அதிலிருந்து வெளியேறத் தாய்க்குத் தெரிந்த ஒரே வழி வெளிநாடு.

ஆனால் சட்டம் 9231 இதில் தெளிவாக இருக்கிறது. பிள்ளையின் வருமானம் பிள்ளைக்குச் சொந்தம். முதலில் அவளுடைய பராமரிப்புக்கும் படிப்புக்கும் போக வேண்டும். குடும்பத்தின் பொதுத் தேவைக்கு அதில் 20 சதவீதத்துக்கு மேல் எடுக்கக் கூடாது. ஆண்டு வருமானம் 2 லட்சம் பெசோவையாவது எட்டினால் குறைந்தது 30 சதவீதத்தை அறக்கட்டளை நிதியாகப் போட்டுவைக்க வேண்டும். பிள்ளை பெரியவளானதும் அது அவள் கைக்கு வரும். இந்தச் சிறுமியின் சம்பளம் அந்த இரண்டு லட்சத்துக்கு அருகில்கூட வரவில்லை. எனவே நிதி வைக்கும் கட்டாயம் இல்லை, 20 சதவீத வரம்பு மட்டும் உண்டு. அந்த வரம்பு மீறப்படுகிறதா என்று ஒரு குடிசை வீட்டுக்குள் வந்து பார்க்கப் போகிறவர் யாருமில்லை. சட்டம் இருந்தும் பெரிய சம்பளம் வாங்கும் குழந்தை நட்சத்திரத்துக்குக் கிடைக்கும் பாதுகாப்பு, சின்னச் சம்பளக்காரப் பிள்ளைக்குக் கிடைப்பதில்லை என்பது என் கருத்து.

குழு மூன்று வழிகளை யோசித்தது. கேட்டபடியே கொடுத்துவிடுவது முதல் வழி. இயக்குநர் அந்தப் பக்கம் சாய்ந்தார். அவர்கள் குடும்பத்தில் புகுந்து நாம் யார் தீர்ப்புச் சொல்ல என்றார். முற்றிலும் மறுப்பது இரண்டாவது. மூன்றாவதைத் தயாரிப்பு மேலாளர் முன்வைத்தார்: வீட்டைப் படப்பிடிப்புக்குத் தருவதற்கான வாடகை பெற்றோருக்கே உரியது. அதைத் தனி ஒப்பந்தமாக எழுதி, சந்தை விலையில் கணக்கிட்டு முன்னதாகவே கொடுத்துவிடலாம். பிள்ளையின் சம்பளம் வாராவாரம் அவள் பெயரிலான வங்கிக் கணக்குக்குப் போகட்டும். இரண்டு கணக்குகளும் ஒன்றையொன்று தொடக் கூடாது. இந்த வழியையே எடுத்தார்கள்.

அதோடு நிற்காமல், ஏஜெண்டு கொடுத்த செலவுப் பட்டியலையும் மேலாளர் வாங்கிப் பார்த்தார். பாஸ்போர்ட், பிறப்புச் சான்றிதழ், குற்றப் பதிவு இல்லை என்ற சான்று போன்ற சிறு செலவுகள் சரி. பட்டியலின் பெரும் தொகை 'வேலை ஏற்பாட்டுக் கட்டணம்' என்று இருந்தது. வீட்டு வேலைக்குப் போகும் பிலிப்பைன்ஸ் தொழிலாளர்களிடம் அந்தக் கட்டணத்தை வாங்கக் கூடாது என்று 2006ஆம் ஆண்டு இறுதியிலேயே அரசு விதி செய்துவிட்டது. உரிமம் பெற்ற நிறுவனங்களின் அரசுப் பட்டியலிலும் தேடினார்கள். நிறுவனத்தின் பெயர் இருந்தது. காசு கேட்ட ஆள் அந்த நிறுவனத்தின் அங்கீகரிக்கப்பட்ட பிரதிநிதி இல்லை.

முடிவு சரி. சொன்ன விதம்தான் சரியில்லை. சட்டப் பிரிவை அச்சடித்து எடுத்துப் போய், கணவரும் பக்கத்து வீட்டாரும் இருக்கும்போது படித்துக் காட்டினார்கள். பிள்ளை சம்பாத்தியத்தைத் தின்னப் பார்க்கிறாள் என்று ஊரே பேசும்படி ஆகிவிட்டது. தாய் படப்பிடிப்பிடத்துக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். பாதுகாவலர் இல்லாமல் சிறுமியை வைத்து வேலை செய்ய முடியாது என்பதால் பாட்டியை அழைத்துவந்து சமாளித்தார்கள். ஏஜெண்டு பற்றிய எச்சரிக்கையையும் தாய் அந்தக் கோபத்தில் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இன்னொரு தண்டல் கடன் வாங்கி, கேட்ட தொகையில் பாதியை ரசீது இல்லாமல் கட்டிவிட்டார். ஏஜெண்டின் தொலைபேசி சில வாரங்களில் அணைந்துபோன பிறகுதான் அவரே மேலாளரைத் தேடி வந்தார். புகார் கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அந்த ஆள் கணவரின் உறவுக்காரருக்கு வேண்டியவனாம்.

படம் வெளிவந்த பிறகு

படப்பிடிப்பின் மீதிப் பகுதியில் சொல்லும்படியாக எதுவும் நடக்கவில்லை. விழாவில் படத்துக்கு நல்ல கூட்டம் வந்தது, சிறுமியின் நடிப்பைப் பலரும் பாராட்டினார்கள். பிறகு சில திரையரங்குகளில் வழக்கப்படி ஒரு புதன்கிழமை வெளியானது. ஆள் வராததால் வார இறுதிக்குள் தூக்கப்பட்டது. அங்குள்ள பெரும்பாலான சிறு படங்களுக்கு இதுதான் நேர்கிறது.

குழு எதிர்பார்க்காத விளைவுகள் குடியிருப்பில் தோன்றின. படத்தில் நடித்ததால் குடும்பம் பணக்காரராகிவிட்டது என்று அக்கம்பக்கத்தார் நம்பினார்கள். உறவினர் கடன் கேட்டு வந்தார்கள். தண்டல்காரர் தவணையை நீட்டிக்க மறுத்தார். மகள் நடிகையாயிற்றே என்றார். பள்ளியில் வேறு மாதிரி. படத்தில் சிறுமி பக்கத்து வீட்டில் சோறு கேட்டு நிற்கும் காட்சி ஒன்று உண்டு. வகுப்பில் சிலர் அதைச் சொல்லியே அவளைச் சீண்டினார்கள். உண்மையில் அந்தக் குடும்பம் ஒருநாளும் யாரிடமும் சோறு கேட்டதில்லை. சொந்த வீட்டுக்குள், சொந்தச் சுவரின் முன்னால் எடுத்த காட்சியை, நடிப்பு என்று எந்தப் பிள்ளையிடம் சொல்லிப் புரியவைப்பது? முன்பின் தெரியாத வீட்டில் எடுத்திருந்தால் இந்தத் தொல்லை பாதியாவது குறைந்திருக்கும் என்று ஆசிரியை சொல்கிறார். அவர் சொல்வதே எனக்குச் சரியாகப் படுகிறது.

இதைக் கேள்விப்பட்ட குழு, பரங்கை எனப்படும் உள்ளூர் நிர்வாகத்தின் உதவியோடு கூடைப்பந்துக் கூடத்தில் படத்தைத் திரையிட்டது. முதலில் எந்தக் காட்சிகள் எப்படி எடுக்கப்பட்டன என்ற சிறு தொகுப்பைப் போட்டார்கள். சோறு கேட்கும் காட்சியில் பக்கத்து வீட்டுக்காரியாக நடித்தவர் அதே தெருவில் கடை வைத்திருக்கும் பெண்மணி. அவர் வசனத்தை மறந்து மறந்து சிரிப்பதைப் பார்த்துக் கூடமே சிரித்தது. சீண்டல் அதன்பின் வெகுவாகக் குறைந்ததாக ஆசிரியை சொன்னார். சம்பளம் எவ்வளவு என்பதை மட்டும் குழு வெளியே சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கடன் கேட்பவர்கள் குறைந்திருப்பார்களா, கூடியிருப்பார்களா என்பதில் குழுவுக்குள்ளேயே இன்னும் ஒத்த கருத்து இல்லை.

தொலைக்காட்சித் தொடர் ஒன்றிலிருந்து அழைப்பும் வந்தது. பெற்றோருக்கு விருப்பம். சிறுமி சில நாட்கள் போய்வந்தாள். தேர்வுக் காத்திருப்பிலேயே பள்ளி நாட்கள் கரைந்தன. இரண்டாவது முறை அழைத்தபோது அவளே மறுத்துவிட்டாள். படத்தில் வரும் மகள் பாட்டுப் போட்டியை விடமாட்டாள். நடித்தவளுக்குப் பாட்டும் வராது, ஆர்வமும் இல்லை. பாடல்களுக்கு வேறொருவர் குரல் கொடுத்திருந்தார்.

தற்போதைய நிலை

தாய் ஓராண்டுக்குப் பின் வேறொரு நிறுவனம் வழியாக, வேலை ஏற்பாட்டுக் கட்டணம் எதுவும் கட்டாமல் வளைகுடாவுக்குப் போனார். உரிமத்தைச் சரிபார்க்கும் வேலையை இம்முறை அவரே செய்தார். இரண்டாவது தண்டல் கடனை அங்கிருந்துதான் அடைத்தார். பிள்ளைகளைப் பாட்டி பார்த்துக்கொள்கிறார். சிறுமியின் கணக்கிலிருந்து இருமுறை பணம் எடுக்கப்பட்டது: ஒரு முறை பள்ளிக்கான கைக்கணினிக்கு, ஒரு முறை அப்பாவின் இடுப்பு மருத்துவத்துக்கு. இரண்டாவது 20 சதவீத வரம்பை மீறியதா என்று மேலாளர் கணக்குப் பார்த்திருக்கிறார். சற்று மீறியிருக்கிறது. அவர் எதுவும் சொல்லவில்லை.

மாற்றப்பட்டவை, மாற வேண்டியவை

அதே தயாரிப்பு மேலாளர் அடுத்த படத்தில் சில விஷயங்களை மாற்றினார். நடிக்கும் பிள்ளையின் வீட்டில் படமெடுப்பதில்லை. பணம் பற்றிய பேச்சை ஒப்பந்தத்துக்கு முன்பே, பெற்றோரிடம் தனியாக, ஊர் சமூகப் பணியாளர் ஒருவரை மட்டும் வைத்துக்கொண்டு முடிக்கிறார். சட்டம் கேட்காவிட்டாலும் சம்பளத்தில் 30 சதவீதம் பூட்டிய கணக்குக்குப் போகிறது. படம் வெளிவந்தபின் ஓராண்டு வரை பிள்ளையின் பள்ளியோடும் வீட்டோடும் தொடர்பில் இருக்க ஒருவருக்குச் சிறு ஊதியம் வரவு செலவிலேயே ஒதுக்கப்படுகிறது. முதலீட்டாளர்கள் முதலில் வெட்டச் சொல்வது இந்தச் செலவைத்தான் என்று அவர் சொன்னார்.

பெரியவர்களின் வேலை நேரத்துக்கு இப்போது சட்டமே வந்திருக்கிறது. 2019இல் மூத்த நடிகர் எடி கார்சியா படப்பிடிப்புத் தளத்தில் தடுக்கி விழுந்து, சில நாட்களில் இறந்துபோனார். அவர் பெயரிலான சட்டம் 2024 மே மாதம் கையெழுத்தானது. திரைத் தொழிலாளர்களுக்கு வழக்கமாக நாளுக்கு 8 மணி நேரம், நீட்டித்தாலும் 14 மணி நேரம், வாரத்துக்கு 60 மணி நேரம் என்று அது வரம்பு வைக்கிறது. நவோட்டாஸ் படப்பிடிப்பு இன்று நடந்தால், இரவு ஏலத்துக்கும் காலைக் காட்சிக்கும் ஒரே குழுவை வைத்து ஒப்பேற்ற முடியாது. இரண்டு குழு வேண்டும் அல்லது படப்பிடிப்பு நாட்கள் கூட வேண்டும். விழா மானியம் அதற்கேற்ப உயராவிட்டால் இந்தச் செலவு மறுபடி இயக்குநரின் அக்காவிடம்தான் போய் நிற்கும்.

ஒரு விஷயம் இன்னும் தீரவில்லை. படம் பின்னர் ஓர் இணையத் திரைத்தளத்துக்கு விற்கப்பட்டது. அந்த வருமானத்தில் சிறுமிக்குப் பங்கு உண்டா என்று ஒப்பந்தத்தில் ஒரு வரியும் இல்லை. இயக்குநர் தன் பங்கிலிருந்து கொஞ்சம் கொடுத்தார். தயாரிப்பில் பணம் போட்ட மற்றவர்கள், எழுதாததைக் கொடுத்தால் எல்லா நடிகர்களும் கேட்பார்கள் என்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து தாய் தொலைபேசியில் கேட்ட முதல் கேள்வியும் இதுதான். அவருக்குப் பதில் சொல்ல வேண்டிய கூட்டம் இரண்டு முறை தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது.